கழுவினாலும் போகாத கறுப்பு

ஒரு வருடம் என்னை 'லாவா' என்று கூப்பிட்டார்கள். அது என் பெயர் இல்லை. அப்பா ஆசையாய் வைத்த நல்ல பெயர் ஒன்று எனக்கு இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். அதை ஒருத்தியின் வாயிலிருந்து வரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சும்மா தூக்கிக் கொடுக்க மனமில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் வேலை செய்த வீட்டு எசமானியான சின்யோரா, என் பெயர் தன் வாயில் நுழையாது என்று விருந்தாளிகளிடம் முறையிடுவாள். "இவர்களுடைய பெயர்கள் ரயில் மாதிரி நீளம்," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் கோப்பித் தட்டைப் பிடித்தபடி நிற்பேன்.

நடந்தது இதுதான். நான் வந்து மூன்று மாதம். எனக்குத் தெரிந்த இத்தாலி மொழி முழுவதும் ஏவல்: துடை, மடி, கொண்டு வா, கழுவு. கழுவு என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'லாவா'. அந்த ஆகஸ்டில், பலெர்மோ இருக்கும் தீவின் கிழக்கே எரிமலை அடிவாரத்தில், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த தங்கள் கோடைவீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். படி, முற்றம், மதில் எல்லாம் கரிக்கட்டைபோல் கறுப்பு. சின்யோரா காரை விட்டு இறங்கி, கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டி, "இங்கே எல்லாம் லாவா," என்றாள். பிறகு குடும்பத்தோடு கடலுக்குப் போய்விட்டாள்.

நான் என்ன விளங்கிக்கொள்வது? கழுவினேன். சோடா, வினாகிரி, கம்பித் தூரிகை, கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் போட்டு, காலை முதல் பின்னேரம் நாலு மணிவரை உரஞ்சினேன். முழங்கால் தோல் உரிந்தது. கறுப்பு மட்டும் போகவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது, "மன்னியுங்கோ சின்யோரா, வெள்ளையாகுதில்லை," என்றேன். சின்யோராவின் புருஷன் சிரிப்புத் தாங்காமல் காரில் சாய்ந்துகொண்டார். எரிமலை கக்கி ஆறிப்போன கல்லுக்கும் அவர்கள் மொழியில் லாவா என்றுதான் பெயராம். அதை எனக்கு யார் சொல்லித் தந்தது?

குளிர்காலம் முழுக்க பலெர்மோவில் ஒவ்வொரு விருந்திலும் அந்தக் கதை ஓடியது. ஓட ஓட வளர்ந்தது. கடைசியில் நான் எரிமலைக்கே சவர்க்காரம் போடப் போனதாகச் சின்யோரா முடித்தாள். அதோடு நான் லாவா ஆகிவிட்டேன்.

பலெர்மோவில் ஒரேத்தோ என்ற பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் மன்னார்க்காரி. வியாழக்கிழமைப் பின்னேரம் எங்கள் இருவருக்கும் லீவு. ஒரு வியாழன் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ ஏனடி வாயைத் திறக்காமல் நிக்கிறாய்? என்ரை பேர் இதெண்டு சொல்லன்."

"மூண்டு தரம் சொல்லிப்போட்டன். அவவுக்கு வராதாம்."

"அப்ப வேறை வீடு பாரன்."

"பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க அவவின்ரை கையெழுத்து வேணும். அந்தப் பெர்மிட் இல்லாமல் இஞ்சை இருக்கேலாது. ஆனா சும்மா விடமாட்டன். அவவின்ரை வாயாலை என்ரை பேரைச் சொல்ல வைக்கிறனா இல்லையா பார்."

"ஓம், ஓம். பாப்பம்," என்றாள் அவள். நான் கறுவிக்கொண்டே அரிசி களைந்தேன்.

அடுத்த கோடைக்குச் சற்று முன் டாக்டர் சின்யோராவைச் சைக்கிள் ஓடச் சொன்னார். சிவப்பில் ஒரு சைக்கிள் வந்தது. எத்தனையோ கியர். பலெர்மோத் தெருவில் ஓடப் பயந்து, அதைக் காரின் மேல் கட்டிப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனாள். அங்கே ஆற்றோரமாக ஒரு பாதை இருந்தது. இரண்டு முனையிலும் பாறையைப் போட்டு மறித்திருந்ததால் கார், மோட்டார் சைக்கிள் ஒன்றும் வராது. எப்போதாவது ஓர் ஆட்டுக்காரன் வருவான். பாதை முழுக்கக் கறுப்புக் கிரவல், எரிமலைக் கல் உடைந்த பொடிக்கல். தனியே போகவும் அவளுக்குப் பயம். தண்ணீர், துவாய், பீச்சஸ் பழம் தூக்க ஓர் ஆளும் வேண்டும். களஞ்சிய அறையில் கிடந்த மாமியாரின் பழைய இரும்புச் சைக்கிளை எனக்குத் தந்து, "உனக்கு ஓடத் தெரியுமா?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் ஊரே சைக்கிளில்தான் போனது. செல் குண்டு விழுந்து குழியான கிரவல் றோட்டில், பாரில் தங்கச்சி, கரியரில் அரிசி மூட்டை என்று ஓடியவள் நான்.

"கொஞ்சம் தெரியும், சின்யோரா," என்றேன்.

அந்தப் பாதை நல்ல பாதை. பொய் சொல்லக் கூடாது. சில்லுக்கடியில் கல் நெரிபடும் சத்தம், கீழே கறுப்புப் பாறைகளுக்கு நடுவே ஆறு ஓடும் சத்தம், வேறொன்றும் கேட்காது. ஓரமெல்லாம் அலரி பூத்திருக்கும். ஒரு மணி நேரம் யாருடைய அழுக்கையும் நான் தொடவேண்டியதில்லை. பின்னாலிருந்து "லாவா, மெதுவாகப் போ" என்ற குரல் வரும்போதுதான் வயிறு எரியும்.

இரண்டாம் நாளே ஒன்றைக் கவனித்தேன். இறக்கத்தில் அவள் முன் பிறேக்கை இறுக்கிப் பிடிக்கிறாள். இளகிய கிரவலில் அப்படிப் பிடித்தால் முன்சில்லு வழுக்கி ஆளை விழுத்தும். எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நாள் சொல்லாமல் இருந்தேன்.

பதினோராம் நாள் விழுந்தாள். ஆற்றை நோக்கி இறங்கும் வளைவில், நான் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் சறுக்கிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எழும்பி உட்கார்ந்து சைக்கிளைத் திட்டிக்கொண்டிருந்தாள். முழங்காலில் இரத்தம். எலும்பு ஒன்றும் முறியவில்லை. அதை நன்றாகப் பார்த்துக்கொண்டு, நான் முன்னால் திரும்பி மெல்ல மெல்ல மிதித்தேன்.

"லாவா," என்று கூப்பிட்டாள். எனக்குக் காது கேட்கவில்லை. "லாவா, லாவா." அதுவும் கேட்கவில்லை. கையெழுத்து இன்னும் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. இவள் துரத்திவிட்டால் நான் எங்கே போவது? ஆனாலும் திரும்பவில்லை. அந்தப் பாதையில் அவளுக்கு உதவ ஒரு வாகனமும் வராது. கூப்பிடு, நன்றாகக் கூப்பிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் தரம் குரல் அழுகையாக உடைந்தது. அதன்பிறகு என் பெயர் வந்தது.

அரைகுறையாக இல்லை. அப்பாவின் பெயரோடு சேர்த்து, பெர்மெஸ்ஸோவில் இருக்கிறபடி, ஓர் எழுத்துப் பிசகாமல். பிறேக்கைப் பிடித்து நின்றுவிட்டேன். இரக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அவளுக்கு என் பெயர் தெரியும். இவ்வளவு காலமும் தெரியும். வாயில் நுழையாது என்றது பச்சைப் பொய்.

திரும்பிப் போய், அப்போதுதான் கேட்டதுபோல், "என்ன சின்யோரா?" என்றேன். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். அவளைத் தூக்கவில்லை. முழங்கால் நிறையக் கறுப்புக் கிரவல் ஏறியிருந்தது.

"எரிகிறது. என்ன செய்ய?" என்று கேட்டாள்.

நான் ஆற்றைக் காட்டினேன். "லாவா," என்றேன்.

எசமானியிடம் மரியாதையாகச் சொல்வதென்றால் 'லாவி', அதாவது கழுவுங்கோ என்று சொல்லவேண்டும். அந்த வித்தியாசம் அதற்குள் எனக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது. நான் 'கழுவு' என்றுதான் சொன்னேன். அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தானே நொண்டி நொண்டி இறங்கி, கறுப்புப் பாறையில் குந்தி, கழுவினாள். நான் மேலே இருந்து ஒரு பீச்சஸ் பழம் தின்றேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

பலெர்மோவுக்குத் திரும்பியதும் என்னைத் துரத்துவாள் என்று காத்திருந்தேன். துரத்தவில்லை. கையெழுத்தும் போட்டுத் தந்தாள். என்னைப்போல் சேட்டுக் கொலர் ஸ்திரிக்கை போட அவளுக்கு வேறு ஆள் கிடைக்காது. நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. ஆனால் குளியலறையில் அவள் ஒரு சின்னத் தூரிகையால் முழங்காலைத் தேய்ப்பதைக் கதவிடுக்கால் கண்டிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தின் முதல் விருந்தில், போன வருடம் கண்ணீர் வரச் சிரித்த ஒரு கிழவர், "எங்கே உன் லாவா? அந்தப் படி கழுவிய கதையை இன்னொருமுறை சொல்லேன்," என்றார்.

"அவளுக்குப் பெயர் இருக்கிறது," என்றாள் சின்யோரா. என் பெயரைச் சொல்லிக் கோப்பி கொண்டுவரச் சொன்னாள்.

நான் தட்டோடு வந்தபோது, கிழவரின் மனைவி சின்யோராவின் முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய காலுறைக்குள், தோலுக்கு அடியில், உழுந்தளவில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள். "இதென்ன கறுப்பு?" என்று கேட்டாள். சின்யோரா பாவாடையை இழுத்து முழங்காலை மூடினாள்.

அவளுக்கு முன்னால் கோப்பியை வைத்துவிட்டு நான் சொன்னேன்: "லாவா. எவ்வளவு உரஞ்சினாலும் போகாது. நான் உரஞ்சிப் பார்த்திருக்கிறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, வயிறு நோகச் சிரித்தேன்.