புரட்டாசியில் இரண்டு ஆட்டு மூளை

ஆட்டு மூளையைப் பற்றி மேகலாவுக்குத் தெரிந்த அளவு பெரம்பலூர் கறிக்கடைக்காரர்களுக்கே தெரியாது. ஆனாலும் வாழ்நாளில் ஒரு வாய் மூளை வறுவல் தின்றதில்லை. கேட்டால், "ஆபீஸ் வேலைய வூட்டுக்குக் கொண்டாரக் கூடாதுங்க" என்பாள்.

இங்குள்ள ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக அவள் டெக்னீஷியன். அதே கல்லூரி நூலகத்தில் நான். மதியச் சோறு ஒன்றாகத்தான். அவள் வேலை என்னவென்று புரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் பிடித்தது. அப்போதுதான் வெட்டிய ஆட்டின் மூளையை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து ஓடி வந்து, குளிர்ந்த சர்க்கரைத் தண்ணீரோடு கண்ணாடிக் குழாயில் போட்டு அரைக்க வேண்டும். வேகமாக அரைத்தால் சட்னி. பதமாக அரைத்தால் நரம்புகளின் நுனிகள் பிய்ந்து வரும். பிய்ந்த நுனி சாகாது. கிழிந்த வாயைத் தானே மூடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பையாகிச் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். பொட்டாசியம் உப்பைக் கொஞ்சம் கூட்டினால் உள்ளே வைத்திருக்கும் இரசாயனத்தை வெளியே விட்டுவிடும். எப்போது விடுகிறது, எது தடுக்கிறது, நோய் வந்தால் எங்கே கெடுகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

"எங்க பங்காளி காசிநாதன் மாதிரிதாங்க. வாய மூடிக்கிட்டு நல்லவன் மாதிரி இருக்கும். லேசா உரசுனாப் போதும், எல்லாத்தையும் கொட்டிடும்" என்பாள்.

மேகலாவின் வீடு கல்லங்குறிச்சியில். வீட்டின் சட்டம், நீதிமன்றம் எல்லாம் மாமியார் கிருஷ்ணம்மாள். புரட்டாசி பிறந்துவிட்டால் அந்த வாசலை ஒரு முட்டை கூடத் தாண்டாது. கடைசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு மாவிளக்கு. முப்பது வருடத்துக்கு மேலாகத் தட்டை ஏந்தியது கிருஷ்ணம்மாள்தான். வீட்டுக்குத் தெரியாமல் மகன் கட்டிக்கொண்டு வந்த மருமகளுக்குப் பதினெட்டு வருடமாக அந்தத் தட்டைத் துலக்கும் பாக்கியம் மட்டுமே கிடைத்தது. ஆனால் மாமியாருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. போன புரட்டாசியில் விளக்கு சாய்ந்து நெய் புடவையில் கொட்டிவிட்டது. இந்த வருடம் கிருஷ்ணம்மாள் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, "நீயே எடு" என்றுவிட்டார். இதை மேகலா என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

விதி எப்போதும் நாள் பார்த்துத்தான் வரும். அதே சனிக்கிழமை பேராசிரியருக்கு மூளை வேண்டுமாம். வரவழைத்த மருந்து ஒன்று அன்றோடு வீணாகிவிடுமாம். புரட்டாசி என்பதால் அந்தப் பக்கம் ஒரே ஒரு பாய் கடைதான் திறந்திருந்தது. இருந்ததே இரண்டு மூளை. மேகலா இரண்டையும் வாங்கிப் பெட்டியில் வைத்தபோது, துண்டால் முகத்தை மறைத்த ஒரு மஞ்சள்பை ஆசாமி, "மூளை இருக்கா பாய்?" என்று கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"தீந்துபோச்சே. அக்கா எடுத்துட்டாங்க. ஈரல் தரவா?"

தெரிந்த குரல்தான். மேகலா திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பித் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், மாவிளக்குத் தட்டு மூடியபடி கிடக்கிறது. கூடத்து நாற்காலியில் காசிநாதன் காபி உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.

"சனிக்கெழமையும் அதுவுமா கறிக்கடையில நின்னியாமே?" என்றார் கிருஷ்ணம்மாள்.

"ஆமாங்க அத்தை. வேலைக்காக."

"பாத்தீங்களா பெரியம்மா, ஒத்துக்கிட்டா!" காசிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒன்னு இல்ல, ரெண்டு மூளை. பொறவு வர்றவனுக்கு ஒன்னாச்சும் உட்டு வைக்கணும்ங்கிற எண்ணம் வேணாம்? பாய்கிட்ட எவ்வளவோ கெஞ்சியும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். காலம் கடந்துவிட்டது.

"நீ எதுக்குடா கெஞ்சுன?"

"மோட்டார் பெல்ட் வாங்கப் போனேன் பெரியம்மா..."

"பாய் எப்பலேருந்துடா மோட்டார் பெல்ட் விக்கிறாரு?"

காபி பாதியிருக்க அவன் செருப்பைத் தேடினான். "ஈரலாச்சும் கெடச்சுதா?" என்று மேகலா அக்கறையாக விசாரித்தாள்.

அவன் போனான். தட்டு மூடியபடியேதான் இருந்தது.

"அவன் கெடக்கான். நீ தொட்டது தொட்டதுதானே?"

அதற்கு மேல் மறைக்க மேகலாவுக்குத் தெம்பில்லை. "உங்க கைக்காகத்தான் அத்தை. நரம்பு நுனியில ஒரு சரக்கு ஊறணும். அது கொறஞ்சா கை ஆடும். ஏன் கொறையுதுன்னு பாக்கத்தான் அந்த நுனியப் பிரிக்கிறோம். மூணு வருசமா எங்க லேப்ல இந்த நடுக்கத்தப் பத்தின வேலைதான்."

"மருந்து கண்டுபிடிச்சாச்சா?"

"இல்லீங்க. நமக்கு ஆவுற காலத்துல கண்டுபிடிப்பாங்களான்னும் தெரியல. அதான் சொல்லல. ஆசை காட்டிட்டு இல்லன்னு சொல்ல மனசு வரல."

கிருஷ்ணம்மாள் மடியில் ஆடிக்கொண்டிருந்த தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மூடியை எடுத்துவிட்டு, தட்டைத் தானே தூக்கினார். அது கடகடவென்று ஆடியது. அப்படியே மருமகள் கையில் வைத்து அழுத்தினார்.

"ரெண்டு போதுமாடி? அடுத்த வாட்டி பாய்கிட்ட மொதல்லயே சொல்லி வை. இந்தக் காசிநாதன் முந்திக்கப் போறான்."

மாமியார் தன்னை 'டி' போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை என்று திங்கட்கிழமை மதியம் மேகலா சொன்னாள். சொல்லும்போதே இரண்டு சொட்டுக் கண்ணீர் மோர்ச்சோற்றில் விழுந்தது. பிசைந்து ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, உப்பு இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றாள்.