இரண்டு டோன் இறக்கிய கம்பி

1. வேன் கதவு

2007, வைகாசி முகூர்த்த சீசன். திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண வரவேற்புக் கச்சேரி முடிந்து சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். டிரம்ஸ் வாசிக்கும் செல்வம் வேன் கதவை இழுத்துச் சாத்தினான். இடையில் என் இடதுகை இருந்தது. அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மயங்கிவிட்டேன்.

நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார், அதாவது கீழ்ச்சுதிக்கான நாலு கம்பி கிடார், வாசித்தவள். கடலூரில் சர்ச் கொயரில் கற்றுக்கொண்டது. பொம்பளை பேஸ் வாசிக்கிறாள் என்று பந்தியை விட்டு எழுந்து வந்து பார்ப்பவர்கள் உண்டு. குழுவை நடத்திய குணா மாமா என் கணவருக்குத் தாய்மாமன். கீபோர்டு அவருடையது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் கம்பியை அழுத்த மறுத்தன. டாக்டர், "வீட்டு வேலைக்கு ஒண்ணும் தடை இல்லம்மா" என்று ஆறுதல் சொன்னார். வந்த கோபத்துக்கு அவர் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பை முறுக்கியிருப்பேன், விரல்தான் ஒத்துழைக்கவில்லை.

மாமா கீபோர்டில் இடதுகையாலேயே பேஸையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார். கச்சேரி தடையில்லாமல் ஓடியது. எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

"நீ கோரஸ் பாடும்மா. சம்பளம் அதே சம்பளந்தான்" என்றார்.

நல்ல மனசுதான். ஆனால் நான் வாசிக்கிறவள்; மறுத்துவிட்டேன். இனி வாசிக்கவே முடியாதோ என்ற பயத்தில் பேஸை உறையோடு பீரோவுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

2. தொங்கிய கம்பி

மழைக்காலம் முடிந்ததும் அண்ணாமலை நகரிலிருந்து எஞ்சினியரிங் மாணவர்கள் என் பேஸின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். ஹெவி மெட்டல் என்ற காதைப் பிளக்கும் ராக் இசை வாசிக்கும் குழுவாம். கல்லூரி விழாவில் அவர்களுக்கு ஒரு மேடை கிடைத்திருந்தது. தலைவன் தீனா, கீரப்பாளையத்துப் பையன், கிடார் வாசிப்பான். அவர்களுடைய பேஸ் பையனை, அரியர் ஏறிப்போனதால் அப்பா வந்து ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நீங்களே வாசிங்களேன்க்கா" என்றான். என் விரலைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஆசை யாரை விட்டது?

அவர்கள் தங்கியிருந்த லாட்ஜின் மொட்டைமாடியில் ஒத்திகை. "எல்லாக் கம்பியையும் ரெண்டு டோன் எறக்குங்கக்கா. தடிக் கம்பிய மட்டும் மூணு டோன்."

"அவ்ளோ எறக்குனா கம்பி தொங்கும்டா."

"தொங்கட்டும்க்கா. எங்க பாட்டு அங்கதான் இருக்கு."

முறுக்காணியைத் திருகிச் சுதியை இறக்கினேன். கம்பி கொடிக்கயிறு மாதிரி தளர்ந்தது. பழக்கத்தில் மோதிர விரலை வைத்தேன். அழுந்தியது. சுண்டுவிரலை வைத்தேன். அதுவும் அழுந்தியது. ஆறு மாதத்துக்குப் பிறகு என் கை என்னுடையதாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

தளர்ந்த கம்பி, கிடார் கழுத்தில் பதித்த ஃப்ரெட் தகடுகளில் உரசிக் கரகரத்தது. மெலடிப் பாட்டில் அப்படி உரசினால் குணா மாமா மேடையிலேயே முறைப்பார். இங்கே தீனா, "செம்மயா உறுமுதுக்கா!" என்று குதித்தான். ஒரு தொழிலில் குறை என்று திட்டு வாங்கியது இன்னொரு தொழிலில் சரக்காக இருந்தது.

ஆனால் மூன்று டோன் இறக்கிய தடிக் கம்பியில் உறுமல் மட்டுமே இருந்தது, சுதி இல்லை. என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தீனா சென்னையிலிருந்து தடித்த கம்பி செட் ஒன்றை வரவழைத்து, ஆசையாக என் கையில் கொடுத்தான். மாட்டினோம். சுதி சுத்தமாக நின்றது. ஆனால் கம்பிகள் பழையபடி விறைத்துக்கொண்டன. என் விரல்கள் வழுக்கின. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

வேறு வழியில்லை. கையை நீட்டிக் காட்டினேன். "இந்த ரெண்டு விரலும் செத்துப்போச்சுடா தம்பி. தொங்குற கம்பியிலதான் வேலை செய்யும். வேற ஆளப் பாத்துக்கோங்க."

தீனா என் விரலைப் பார்த்தான். பரிதாபப்படவில்லை. "செத்த விரல் எந்தக் கம்பிக்குப் போகுதுக்கா?" என்று கேட்டான்.

எனக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது. வாசித்துப் பார்த்தேன். அவர்கள் பாட்டில் தடிக் கம்பி பெரும்பாலும் அழுத்தாமலே ஒலிக்கும்; அழுத்தினாலும் ஆள்காட்டி விரல்தான். செத்த விரல் இரண்டும் மெல்லிய கம்பிகளுக்கே போயின. அப்படியானால் தடிக் கம்பியின் இடத்தில் மட்டும் புதுக் கம்பி. மற்ற மூன்றும் பழைய தளர்ந்த கம்பிகள்.

3. அரம்

ஒரு சிக்கல் மிச்சம். நட் என்பது கிடார் கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் பள்ளம் போட்ட துண்டு. புதுக் கம்பி அந்தப் பள்ளத்துக்கு மேலேயே நின்று, அடிக்க அடிக்க நழுவியது. பள்ளத்தை அராவி அகலமாக்க வேண்டும். அராவிவிட்டால் பழைய கம்பி அதில் ஒழுங்காக உட்காராது. மாற்று நட் நம் ஊரில் கிடைக்காது. மாமாவின் குழுவுக்குத் திரும்பும் பேஸாக அது இனி இருக்காது.

நகைப்பட்டறைக்காரரிடம் ஒரு சின்ன அரத்தை இரவல் வாங்கி வந்தேன். என் கணவர், "மாமாவ ஒரு வார்த்தை கேட்டுக்கயேன்" என்றார். "மாமா விரலா இது?" என்று கேட்டுவிட்டு அராவினேன்.

விழாவுக்கு வந்திறங்கிய ஒலி சாமான் குணா மாமாவுடையது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் அவரே நின்றார். நான் மேடை ஏறியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முதல் பாட்டில் தடிக் கம்பியைத் தட்டியபோது மேடைப் பலகை என் செருப்புக்கடியில் அதிர்ந்தது. பையன்கள் கூட்டமாகத் தலையை ஆட்டினார்கள். நாலு பாட்டும் ஒரு விரல்கூட வழுக்காமல் வாசித்தேன்.

இறங்கியதும் மாமா என் இடதுகையைப் பிடித்து விரல்களை மடக்கிப் பார்த்தார். "சரியாயிடுச்சா?"

"இல்ல மாமா. அப்படியேதான் இருக்கு. கம்பியத்தான் எறக்கிக்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருந்தா எறக்க வுட்டிருப்பீங்களா?"

மாமா பொய் சொல்லத் தெரியாதவர். வயரைச் சுருட்டிக்கொண்டே, "வுட்டிருக்க மாட்டேன்" என்றார். அவர் மேல் எனக்கிருந்த வருத்தம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது.

இறக்கிய சுதியில் வாசிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு: ஓங்கி அடிக்காதீர்கள், தளர்ந்த கம்பி உளறும். ஆம்ப்பில் பேஸ் குமிழைக் குறைத்து, நடு ஒலிக்கான மிட் குமிழைக் கூட்டுங்கள், அப்போதுதான் சுதி கேட்கும். உங்கள் கையில் எது வராது என்பதை மறைக்காதீர்கள். அதைக் கேட்டுவிட்டு "பாவம்" என்று சொல்பவர்கள் நல்லவர்கள்தான். "எந்தக் கம்பிக்கு?" என்று கேட்பவர்களோடு வாசியுங்கள்.