நகம் இறங்காத டயர்

அவருக்கு ஊரில் 'நிதானம்' என்று பெயர். அவர் செருப்பு வாங்கி முடிப்பதற்குள் கடைக்காரர் இரண்டு முறை டீ குடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு டயர் தேடி மூன்று நாள் அலைந்ததில் அதிசயமில்லை. பழையது மொழுமொழுவென்று தேய்ந்து சேற்றில் வழுக்கியது. பண்ணைக்காரரின் நாற்பது ஏக்கரை வெள்ளிக்கிழமைக்குள் உழுது முடிக்க வேண்டும். அவர் கூலிக்கு உழுத மற்ற வயல்களெல்லாம் புது டிராக்டர்காரர்களிடம் போய்விட்டன; மிச்சம் இந்த ஒரு பண்ணைதான்.

ஒவ்வொரு டயரிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்தால் ரப்பர் மிருது, சீக்கிரம் தேயும் என்பது அவர் கணக்கு.

"அண்ணே, டயர் வாங்கப் போறீங்களா, அதோட குடும்பம் நடத்தப் போறீங்களா?" என்றார் டயர்க் கடைக்காரர்.

"பத்து வருஷம் உழைக்கணும்ப்பா."

கடைசியில், வாசலில் அடுக்கியிருந்த ஒரு ஜோடியில் நகம் இறங்கவே இல்லை. மண்ணைப் பிடிக்கும் மேல் பட்டைகளும் நல்ல உயரம். அதையே மாட்டிக்கொண்டு வந்தார்.

மனைவி டயரைச் சுற்றி வந்து பார்த்தாள். "பக்கவாட்டுல பொடிப்பொடியா வெடிப்பு ஓடுதே, என் குதிகால் மாதிரி."

"அது டயர் வார்க்கிற அச்சுல விழுற கோடு. உனக்கு என்ன தெரியும்?"

வண்டிக்குப் பாரம் கூட்ட, டயருக்குள் முக்கால்வாசி தண்ணீர் ஏற்றினார்.

புதன்கிழமை, நடுவயலில் வண்டியைத் திருப்பும்போது இடது டயர் பக்கவாட்டில் வாய் பிளந்தது. தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் முதுகை நனைத்தது. டிராக்டர் ஒருபக்கமாகச் சரிந்து சேற்றில் உட்கார்ந்துகொண்டது.

டயர்க் கடைக்காரர் வந்து கிழிசலைத் தடவிப் பார்த்தார். "நாலஞ்சு வருஷமா வெயில்ல கெடந்த சரக்குண்ணே. காஞ்சு இறுகிப்போச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"இதுதான் வேணும்னு நீங்கதானே ஒத்தக்கால்ல நின்னீங்க. வேற வர பத்து நாள் ஆகும்."

பண்ணைக்காரர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நிதானம் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பண்ணைக்காரர் வரப்பில் நின்றபடியே போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் புது வண்டி ஒன்று வந்தது. நிதானத்தின் டிராக்டரைச் சங்கிலி போட்டுக் கரைக்கு இழுத்தது; பிறகு மிச்ச வயலில் இறங்கியது.

"அடுத்த போகத்துக்கு..." என்று ஆரம்பித்தார் நிதானம்.

"இந்த வண்டிக்காரரே பாத்துக்கட்டும்ப்பா. நீ ஏன் சிரமப்படுற?" என்றார் பண்ணைக்காரர், மிகத் தன்மையாக.

சேதி கேட்டு மனைவி வந்து சேர்ந்தபோது பாதி வயல் உழுதாகிவிட்டது.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"வண்டி?"

"அது எங்க போயிடப் போகுது" என்றாள் அவள்.