பீரோ மூலையில் போடாத கொத்து

யார் வீட்டுக்குப் போனாலும் என் கால் கட்டைவிரல் மூலையில் இருக்கும் டைல்ஸை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிடும். என் கணவர் இதைச் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்பார். காரணத்தை அவரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சைதாப்பேட்டையில் எங்களுக்கு ஒரு அறையும் சமையலறையும்தான். சிமென்ட் தரை. அதன் மேல் அப்பா வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் சிவப்பு பெயின்ட் அடிப்பார். பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி, அதில் வழுக்கி விழாதவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் டைல்ஸ் போட்டே ஆக வேண்டுமென்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அவளுடைய தம்பி, என் மாமா, டைல்ஸ் வேலை செய்பவர். அபிராமபுரத்தில் பெரிய பெரிய ஃபிளாட்டுகளுக்கெல்லாம் தரை போட்டவர். ஆனால் அப்பாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. சொந்தக்காரர் வீடென்றால் ஏனோதானோவென்று செய்துவிட்டுப் போவான் என்பது அப்பாவின் கட்சி. அம்மா கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதம் வாங்கினாள். இந்த ஒரு வேலையில் தம்பி நல்ல பெயர் எடுத்துவிட்டால் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வார்கள் என்று அவளுக்கு ஆசை.

அப்பா வேலைக்குப் போன ஒரு சனிக்கிழமை மாமா வந்தார். பெயின்ட் மேல் சிமென்ட் பிடிக்காதாம். தரை முழுவதும் உளியால் சின்னச் சின்னக் குழியாகக் கொத்த வேண்டுமாம். அம்மா, அக்கா, நான் என்று ஆளுக்கொரு பாகம் பிரித்துக் கொடுத்தார். பீரோவை நகர்த்திவிட்டு அது நின்ற மூலையை எனக்குக் கொடுத்தார். எனக்குப் பத்து வயது. கையைத் தரையில் விரித்து வைத்துக் காட்டினார்.

“வெரலுக்கு ஒரு கொத்து தட்டுப்படணும் பாப்பா. பெயின்ட்டு உன்னப் பாத்து சிரிச்சிக்கினு இருந்துச்சுன்னா, மேல வெக்கிற டைல்ஸு ஒரு நாள் கழண்டுக்கும்.”

சுவரோரமாக ஒரு வரிசை கொத்தினேன். அதற்கு மேல் கை வலித்தது என்று எழுத ஆசைதான். வலிக்கவில்லை. எதிர்வீட்டில் புது கேரம் போர்டு வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அக்கா சமையலறைக்குள் போன நேரம் பார்த்து, அவள் கொத்திய தூளை இரண்டு கையாலும் அள்ளி வந்து என் பாகத்தில் பரப்பினேன். பார்க்க அசல் கொத்திய தரை மாதிரியே இருந்தது. அவரவர் பாகத்தைக் கூட்டிக் கழுவி, தண்ணீராகக் கரைத்த சிமென்ட் பாலை ஊற்றச் சொன்னபோதும் எல்லோருக்கும் முந்திக்கொண்டு ஊற்றினேன். தரை முழுக்க ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது. மேஸ்திரிகள்கூட இவ்வளவு சீக்கிரம் கொத்த மாட்டார்கள் என்று மாமா என்னைப் புகழ்ந்தார். கூச்சமே இல்லாமல் சிரித்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

பீரோவைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தால் தப்பித்திருப்பேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமென்று அதைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த மூலையில், ஜன்னலோரமாக, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நாற்காலி போட்டாள் அம்மா. காபியை வாங்க அந்த அம்மாள் முன்னால் சாய்ந்ததும் டொக்கென்று ஒரு சத்தம். டைல்ஸ் கழன்று நாற்காலி சரிந்து, காபி முழுவதும் பட்டுப் புடவையில். அவர்கள் பெரிய மனசுக்காரர்கள், சிரித்துக்கொண்டே சம்பந்தம் பேசிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் தெருமுனை தாண்டும்வரை அப்பா பொறுத்திருந்தார்.

“சொந்த அக்கா வூட்டுக்கே இப்டி செஞ்சிக்கீறான். ஊருக்கு இன்னா கிழிச்சிருப்பான்?”

பெண் பார்க்கும் நாளென்று வந்திருந்த மாமா மண்டியிட்டு அந்த டைல்ஸைத் தூக்கினார். நான் பக்கத்திலேயே நின்றேன். சிமென்ட் முழுசாக டைல்ஸோடு வந்துவிட்டது. அடியில் சிவப்பு பெயின்ட் பளபளவென்று, ஒரு கொத்து இல்லாமல். எட்டிப் பார்க்க அப்பா வந்தார். மாமா கையை விரித்து அந்தச் சிவப்பின் மேல் வைத்தார். தூசி துடைக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு டைல்ஸை அப்படியே திருப்பி மூடினார். அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“என் தப்புதான் மாமா. கொத்து போடாம வுட்டுட்டேன்.”

அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா இந்தக் கதையை அக்கா கல்யாணத்திலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சமையலறைக்கு டைல்ஸ் போட்டபோது வேறு ஆளைக் கூப்பிட்டார். ஒரு தடவையாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அப்பா இறந்த பிறகும் திறக்கவில்லை.

பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் காலை மாமா உளியும் சுத்தியுமாகத் தனியாக வந்தார். என் மூலையில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“அன்னிக்கி கேரம்ல யாரு ஜெயிச்சது பாப்பா?”

மாமா ஒன்றையும் கவனிக்கவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். நான்தான் என்றேன். ரெட்டுகூட நான்தான் போட்டேன் என்று சேர்த்துச் சொன்னேன்.