மயிலாப்பூர் கொலுவில் செட்டியார் பக்கத்தில் நின்ற ரோபோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நாற்பது விண்வெளிப் பொம்மைகள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் "பேரனுக்கா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பேன். எனக்குப் பேரன் கிடையாது. என் மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. தெருவில் சிலர் இப்போது அவனை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அது அவன் பாடு.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. படிப்பு ஆறாம் வகுப்பு, அதிலும் பாதி. நங்கநல்லூரில் சின்ன இட்லிக் கடை வைத்திருக்கிறேன். நான் போனில் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்கிறது, பிழையை மகன் திருத்துகிறான். அவன் திருத்திய பிறகும் தப்பு இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

இந்தப் பயணம் விஜயதசமிக்கு மறுநாள். கொலு பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். போனது குண்டானுக்காக.

குண்டான் யார் என்று தெரியாதவர்களுக்கு: முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்று தமிழில் பேசிக்கொண்டு வரும். கப்பலில் ஐந்து பேர், கூட ஒரு ரோபோ. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு ஏதோ நம்பர்தான் பெயராக வைத்திருந்தார்களாம். தமிழில் பேச வைத்த புண்ணியவான் அதன் வயிற்றைப் பார்த்துக் குண்டான் என்று வைத்துவிட்டார். இட்லிக் கடைக்காரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தொடர் ஓடிய காலத்திலேயே ஒரு முழங்கை உயரத்துக்குப் பொம்மையும் வந்தது. தொடர் நின்றதும் பொம்மையும் நின்றது. ஆறு வருடமாக அதைத் தேடுகிறேன். கிடைத்ததெல்லாம் போலி.

இப்போது மும்தாஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடம்பாக்கத்தில் ஆரி வேலை செய்கிறாள், பிளவுஸில் கல்லும் மணியும் வைத்துத் தைக்கிற வேலை. என் அலமாரியைப் பார்த்துத்தான் போன வருடம் இந்தப் பைத்தியத்துக்குள் வந்தாள். பொம்மைக் குரூப்பில் அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான். எங்கள் குரூப்பில் பெட்டி பிரிக்காத பொம்மைக்குத்தான் மரியாதை. இவள் பெட்டியைப் பல்லால் கிழிக்கிற ரகம். அப்படிப்பட்டவள் மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டுக்கு பிளவுஸ் கொடுக்கப் போனபோது அங்கே கொலுவில் மூன்றாம் படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் குண்டான் நிற்கிறான். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, "அக்கா, இது உன் ஆளா பாரு" என்று எழுதியிருந்தாள். கூடவே இன்னொரு சேதியும் இருந்தது. மாமி வெளிநாட்டில் இருக்கும் மகனிடமே போய்விடப் போகிறார், கொலு முடிந்ததும் பொம்மைகளை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

ஆறு வருடம் தேடியது நான். கண்ணில் பட்டது அவளுக்கு. அன்றைக்குக் கடையில் இட்லி கல் மாதிரி வந்தது.

காலை ஒன்பதே காலுக்குப் பழவந்தாங்கலில் லோக்கல் ரயில் ஏறினேன். மாம்பலத்துக்கு ஐந்து ரூபாய், இருபது நிமிடம் கூட ஆகாது. டி. நகருக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. மும்தாஜ் மாம்பலம் படிக்கட்டடியில் நின்றிருந்தாள். மாமி மூன்று மணிக்கு மேல் வரச் சொன்னதால் அதுவரை டி. நகரைச் சுற்றினோம்.

ரங்கநாதன் தெருவில் நூற்றைம்பது ரூபாய்க்கு ரோபோ கிடைக்கும். விளக்கு எரியும், பாட்டுப் பாடும், ஒரே வாரத்தில் கழுத்தும் உடம்பும் பாகம் பிரித்துக்கொள்ளும். ஒரிஜினல் எது என்று கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். கம்பெனி முத்திரை பிளாஸ்டிக்கிலேயே அழுத்தி இருக்க வேண்டும், மேலே அச்சடித்திருக்கக் கூடாது. அப்புறம் மோந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாசனை வந்தால் போலி. கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

பாண்டி பஜார் பக்கம் ஏசி போட்ட பெரிய கடை ஒன்று இருக்கிறது. உள்ளே போவதற்குக் காசு கிடையாது, அது ஒன்றுதான் நமக்குக் கட்டுப்படியாகும். விண்கலம் ஒன்று, துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுகிற வகை, பதினோராயிரம் ரூபாய். நாங்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கும்போதே ஒரு முப்பது வயது ஆள் வந்து அதில் இரண்டு எடுத்தான். ஒன்று கட்டுவதற்காம், ஒன்று பிரிக்காமல் வைப்பதற்காம். அவன் கையைப் பார்த்தேன். ஒரு ஈடு இட்லிகூட ஊற்றியிராத கை. எனக்கு வயிறு அப்படியே எரிந்தது. "இன்னாக்கா, ஏசியிலும் வேர்க்குது உனக்கு" என்றாள் மும்தாஜ்.

சாப்பாட்டுக்கு அளவுச் சாப்பாடு, ஆளுக்கு நூறு ரூபாய். ரசம் நன்றாக இருந்தது, கூட்டில் உப்பு இல்லை. பிறகு மயிலாப்பூருக்கு பஸ். ஐந்து கிலோமீட்டர்தான் இருக்கும், நாற்பது நிமிடம் ஆனது. மெட்ரோ வேலைக்குத் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருப்பதால் பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று டிரைவருக்கே அவ்வளவு நிச்சயமில்லை. சாதா பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பதை வெளியூர்த் தோழிகள் குறித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில்தான் பேச்சை எடுத்தேன். என் அலமாரியிலிருந்து இரண்டு பொம்மை தருகிறேன், குண்டானை எனக்கு விட்டுவிடு என்றேன். மாட்டேன் என்றாள். மூன்று என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ கேளுக்கா, நானும் கேக்கறேன். மாமி யாருக்குக் குடுக்குதோ அவங்களுக்கு. அதுக்கப்புறம் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு பேசாம இருக்கக் கூடாது."

சரி என்றேன். என் அனுபவம் எங்கே, இவள் ஒரு வருஷம் எங்கே என்ற தெம்பு.

மாமி வீடு கிழக்கு மாட வீதியிலிருந்து உள்ளே போகும் சந்தில், முதல் மாடி. சுடிதார் போட்ட, விறுவிறுவென்று நடக்கிற மாமி. ஏழு படிக் கொலு அப்படியே இருந்தது. விஜயதசமி இரவு பேருக்கு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்த கணக்கு, மறுநாள்தான் எடுத்துக் கட்டுவார்கள். மாமி எங்களை உட்காரக்கூட விடவில்லை. பழைய வேட்டித் துணியும் செய்தித்தாளும் கையில் கொடுத்து மேல் படியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். சாமிகள் முதலில். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, அதன் மேல் தாள் சுற்றி, பெட்டியில் சாய்க்காமல் வைக்க வேண்டும். குண்டானோ கீழிருந்து மூன்றாம் படி. நடுவில் ஒரு கல்யாண ஊர்வலம் வேறு, மொத்தம் இருபத்திரண்டு உருப்படி. நாதஸ்வரக்காரரைச் சுற்றும்போது என் கை நாதஸ்வரக்காரரிடம், கண் குண்டானிடம்.

மாமி குண்டானுக்கு நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். இடுப்பில் பட்டுத் துண்டு. எங்கள் குரூப்பில் யாராவது பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். அவன் படி வந்ததும் நான் முந்திக்கொண்டு தூக்கிப் பாதத்தைத் திருப்பினேன். முத்திரை அழுத்தி இருந்தது. மோந்து பார்த்தேன். சாம்பிராணி வாசனை. ஒரிஜினல்.

மாமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் கேக்கறேள். இருக்கறது ஒண்ணு. ஆத்துக்கு எடுத்துண்டு போய் என்ன பண்ணுவேள், சொல்லுங்கோ."

நான் முதலில் பேசினேன். குங்குமத்தைப் பஞ்சால் மெதுவாக எடுத்துவிடுவேன், அளவெடுத்துக் கண்ணாடிப் பெட்டி செய்வேன், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடுவேன், வெயில் படாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்று வரிசையாகச் சொன்னேன். கடைசியில் பெருமையாக, "ஒரு குழந்தை கைகூட மேல படாது மாமி" என்றேன்.

"ஓ" என்றார் மாமி.

மும்தாஜ் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள். "எங்க வூட்ல டிவி மேல நிக்கும் மாமி. எம் பொண்ணோட பசங்க எடுத்துக்கினு ஓடும். ஒரு கை போனாலும் போகும். ஒட்டிக்கலாம்."

இப்படிச் சொன்னவளுக்கு எங்கள் குரூப்பில் அன்றே வெளியே போகும் வழி காட்டியிருப்பார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து நான் முந்தானையை விரித்துக்கூட வைத்துவிட்டேன், குண்டானைச் சுற்றிக்கொள்ள.

மாமி சிரித்தார். "எம் பிள்ளை இதோட காதைக் கடிச்சுண்டேதான் வளர்ந்தான், பாருங்கோ பல்லு தடம். பூட்டித்தான் வைக்கணும்னா எங்காத்துலயே பீரோ இருக்கே." சொல்லிவிட்டுக் குண்டானை மும்தாஜ் கையில் கொடுத்தார்.

என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணி, ஒரு டப்பா சுண்டல். அதோடு, "நீங்க பத்திரமா வச்சுப்பேள், இது களிமண்ணு" என்று செட்டியார் பொம்மையையும் கொடுத்தார். நல்ல செட்டியார். முன்னால் அரிசி, பருப்பு எல்லாம் தட்டில் இருக்கிறது. விண்வெளி அனுபவம்தான் கிடையாது.

மாட வீதியில் மும்தாஜ் அவனைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பூக்காரம்மா ஒருத்தி கூப்பிட்டு அவன் தலையில் ஒரு கிள்ளு கதம்பம் வைத்தார். ஸ்கூட்டரில் போன சின்னப் பெண் திரும்பித் திரும்பிக் கையாட்டினாள். என் நாற்பது பொம்மைகளுக்கு இதுவரை யாரும் கையாட்டியதில்லை. ஆட்ட வழியுமில்லை, பூட்டியல்லவா இருக்கின்றன. இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் மட்டும் வயிறு எரியாதா? எரிந்தது. செட்டியாரை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், குளம் வரைக்கும் எரிந்துகொண்டே வந்தேன். "மூஞ்சிய தூக்க மாட்டேன்னு சொன்னே" என்றாள். தூக்கவில்லை, என் மூஞ்சியே அப்படித்தான் என்றேன்.

இந்த மாதிரி போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. டி. நகருக்கு வார நாளில், காலை பதினொன்றுக்குள் போங்கள், பிறகு கூட்டம் உங்களை எடுத்துக்கொண்டு போய்விடும். பழைய பொம்மை வேண்டுமானால் கடையை நம்பாதீர்கள், கொலு சமயத்தில் வீடுகளைப் பாருங்கள். ஓரத்தில் பார்க் கட்டுவார்களே, அதில் பிள்ளைகளின் கார், கப்பல், ரோபோ எல்லாம் நிற்கும். கூப்பிட்டால் மட்டும் போங்கள். கொலு முடிவதற்குள் பொம்மையைக் கேட்காதீர்கள், தூக்கவும் தூக்காதீர்கள். பாட்டுப் பாடச் சொல்வார்கள், தெரியாது என்றால் விட மாட்டார்கள், இரண்டு வரி தயாராக வைத்திருங்கள். எப்படி வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். சண்டைக்காரியோடு போகலாம், சிநேகிதியோடு போகாதீர்கள். சண்டைக்காரிக்குக் கிடைத்தால் திட்டவாவது முடியும்.

திரும்பியது அடையாறு வழி. மும்தாஜுக்கு அங்கே ஒரு பிளவுஸ் கொடுக்க வேண்டியிருந்தது. மந்தைவெளியில் ஒரு கடையில் குண்டானுக்கு இரண்டு பேட்டரி வாங்கிப் போட்டாள். கடைக்காரர் மூடியைத் திருகி இறுக்கமாக மூடிக் கொடுத்தார். குண்டானின் கண்ணில் விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும், போன் எடுக்க வேண்டும், கொஞ்சம் பிடி என்று அவனை என் மடியில் வைத்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் குண்டான் என் மடியில். மார்பில் இருந்த பொத்தானை அழுத்தினேன்.

"எதிரி நெருங்குகிறான். அனைவரும் தயாராகுங்கள்" என்றான் குண்டான். தொடரில் வந்த அதே குரல். பொத்தான் உள்ளே போனது, வெளியே வரவில்லை. மூச்சு விடும் நேரம் விட்டுவிட்டு மறுபடியும் சொன்னான். ஸ்டாப்பில் ஏறிய ஒவ்வொருவரைப் பார்த்தும் சொன்னான். முந்தானையால் மூடினேன். உள்ளேயிருந்து சொன்னான்.

கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, யாருடையது இது என்று கேட்டார்.

"அக்காவோடது சார்" என்றாள் மும்தாஜ்.

பாலத்துக்கு முந்திய ஸ்டாப்பில் இறக்கிவிட்டார்கள். அடையாற்றுப் பாலத்தை நடந்து கடந்தோம், எதிரி நெருங்கிக்கொண்டே வந்தான். அக்கரையில் சிக்னல் ஓரம் சாவி செய்கிறவர் ஒருவர் சின்னத் திருப்புளியால் மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்தார். இருபது ரூபாய் கேட்டார். மும்தாஜ் என்னைப் பார்த்தாள். என்னுடையதாயிற்றே, நான்தான் கொடுத்தேன்.