தீப்பெட்டிக்குள் ஒரு நட்டு

ஒரு பழைய தீப்பெட்டியும் அதனுள் ஒரு சிறிய நட்டும் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்துவிட்டால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. வீட்டுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

எழுபதுகளின் இறுதியில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அங்கே ஃபிட்டராக இருந்த பழவேற்காட்டு அண்ணனுக்குச் சத்தத்தை வைத்தே மிஷினின் கோளாறைச் சொல்லத் தெரியும். ஷிப்டை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் வேலை காலியானபோது, ஒரு வாரம் ஷிப்ட் ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதிக் காட்டினால் அவருக்கே தருவதாக மேனேஜர் சொன்னார். பெரிய வார்த்தைகளெல்லாம் அண்ணனுக்கு வந்துவிட்டன. இன், ஆன், அண்டர், அட் என்ற பொடிசுகள்தான் உயிரை வாங்கின. சாப்பாட்டு வேளையில் இந்தத் தீப்பெட்டியோடு என் மேசைக்கு வருவார். நட்டை உள்ளே போடுவார், மேலே வைப்பார், அடியில் தள்ளுவார். ஒவ்வொரு முறையும் வார்த்தையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"'ஊட்டுக்கு உள்ளே'ன்னு நாம ஊட்டச் சொல்லிட்டு அப்பால உள்ளேன்றோம் தங்கச்சி. வெள்ளைக்காரன் இன்னாடான்னா, உள்ளேன்னு சொல்லிட்டு ஊட்டத் தேடிக்கினு போறான்" என்பார். "இந்த 'அட்' இருக்குதே, அத்தப் பொட்டில எங்க வச்சிப் பாக்கறதுன்னே தெரியல."

அவர் எழுதுவதை நான் பென்சிலால் திருத்துவேன்; அவர் நகலெடுத்துக் கொடுப்பார். ஐந்து நாள் அப்படியே ஓடியது. கடைசி நாள், நான் பொன்னேரி ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் தாளை நீட்டினார். ரயிலைத் தவறவிட்டு ஒரு நாள் வீட்டுக்குத் தாமதமாக வந்தாலும் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். தாளை வாங்கினேன், கண் கடிகாரத்தில் இருந்தது. ஒரு வரிகூடப் படிக்காமல், "எல்லாம் சரியா இருக்குண்ணா" என்று திருப்பிக் கொடுத்தேன். முகமெல்லாம் சிரிப்பாகப் போனார்.

திங்களன்று மேனேஜர் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். 'அட்' வர வேண்டிய இடத்தில் 'இன்' இருந்தது. "ஏன்யா, ஆளு மிஷினுக்குள்ளயா நின்னு வேலை பாக்கறான்?" பட்டறையே சிரித்தது. "எழுதினத யார்கிட்டயாவது காட்டியிருக்கக் கூடாதா?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாராண்டயும் காட்டல சார். நானே எழுதிக் குடுத்தது."

நான் கையிலிருந்த ஃபைலைப் புரட்டிக்கொண்டு நின்றேன். வேலை வெளியாள் ஒருவருக்குப் போனது. மதியம் அண்ணன் வந்து, "இனிமே இது எனக்கு இன்னாத்துக்கு தங்கச்சி" என்று தீப்பெட்டியை என் மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போது நான் பிடிக்க வேண்டிய ரயில் எதுவும் இல்லை. ஆனாலும் கண் கடிகாரத்துக்கே போகிறது. தீப்பெட்டியைத் திறந்து, நட்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மூடுகிறேன். அந்தத் தாளைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அன்றைக்கு ரயில் முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது.