நாலாவது சிங்கம்

பிரான்சுக்கு வேலைக்குப் போவதற்காக, பிறப்புச் சான்றிதழில் அரசு முத்திரை வாங்கப் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். முத்திரை போடுகிறவருக்கு ஓய்வு பெறும் வயது. கட்டைவிரல் நகம்கூட ஊதா மையில் ஊறியிருந்தது. குத்தியதும் மையை வாயால் ஊதுவார். பிறகு சின்னத்திலுள்ள மூன்று சிங்கங்களையும் விரலால் எண்ணி, பக்கத்து வெற்றுத்தாளில் நாலாவதாக ஒரு தட்டுத் தட்டுவார்.

“மூணுதானே இருக்கு?” என்றேன்.

“நாலு தம்பி. ஒண்ணு அந்தாண்ட பாத்துக்கினு நிக்குது, எங்க பெரியவன் மாதிரி. அவனும் பிரான்சுலதான் இருக்கான். அவன் பேப்பர்லயும் நாந்தான் குத்துனேன்.”

தாளை நீட்டியவர் கேட்டார்: “அப்பா இருக்காரா?”

“அரியாங்குப்பத்துல இருக்கார்.”

கொஞ்ச நேரம் அவர் தாளை விடவேயில்லை.

இங்கே வந்து ஆறு வருடமாகிறது. அந்தச் சான்றிதழை எடுக்கும்போதெல்லாம் திருப்பிப் பார்க்கிறேன். அவர் அழுத்திக் குத்திய மை பின்பக்கத்திலும் லேசாகத் தெரிகிறது.